“கொஞ்சம் மாடர்ன் ஆர்ட் மாதிரி பண்ணிக் கொடுங்க”: கிளையன்ட் இப்படிக் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது

விளம்பர வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இந்த வரி ஒரு நாள் வந்தே தீரும். நகைக்கடையோ அரிசி மில்லோ பல் மருத்துவமனையோ, யாராக இருந்தாலும் சரி, நாம் கொண்டுபோன லேஅவுட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள், அப்புறம் “நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் மாடர்ன் ஆர்ட் மாதிரி பண்ணிக் கொடுங்களேன்” என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் உடனே ஓடிப்போய்ப் பின்னணியில் நாலு முக்கோணம், கொஞ்சம் தெறித்த பெயிண்ட், ஓரத்தில் ஒரு கோணல் முகம் என்று போட்டுக்கொண்டு வருகிறார்கள். சில சமயம் அதுவே ஓகே ஆகியும் விடுகிறது. ஆனால் சுவரில் ஏறிய பிறகு அந்தப் போஸ்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் லேஅவுட் செய்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் முதலில் சொன்ன பதில் தப்பு. ஒரு பெயிண்ட் கடைக்கு வேலை வந்தபோது ஓவியர் மோந்த்ரியானின் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களை அப்படியே எடுத்துப் போட்டேன். பெயிண்ட் கடைக்கு வண்ணக் கட்டம் பொருத்தம்தானே என்று நினைத்தேன். பார்த்தவர்கள் அதை டைல்ஸ் கடை விளம்பரம் என்று நினைத்தார்கள். கடைக்காரர் ஒன்றும் திட்டவில்லை, “தம்பி, டைல்ஸ் இருக்கான்னு கேட்டு நாலு பேர் வந்துட்டாங்க” என்றார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து மோந்த்ரியான் 1930-ல் வரைந்த அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்பு ஒன்றே பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்கிறது. நீலம் கீழே இடது மூலையில். மஞ்சள் வலது ஓரத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். கறுப்புக் கோடுகளும் ஒரே தடிமன் இல்லை, இடது பக்கத்துச் சின்னக் கோடு மற்றவற்றைவிடத் தடியானது. அவ்வளவு பெரிய சிவப்பை ஒரு மூலை நீலம் தாங்கிப் பிடிக்கிறது, அந்த நிறுவைதான் அங்கே நடக்கும் வேலை. நான் போட்டதோ எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். அது டைல்ஸ்தான்.

அதனால் முதல் படி இது: ஒரு நவீன ஓவியம் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். எடுக்க வேண்டியது அந்த வேலையைத்தான், மேல்தோலை அல்ல. கிளையன்ட்டிடமும் “எந்த ஓவியர் மாதிரி வேணும்” என்று கேட்காதீர்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது, சொல்லத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த விளம்பரத்தை யார் எங்கே நின்று பார்ப்பார்கள், நடந்துகொண்டா பஸ்ஸில் போய்க்கொண்டா, பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம் மனசில் நிற்கும் என்றால் எது நிற்க வேண்டும், இதைக் கேளுங்கள். பதில் வந்ததும் எந்த ஓவியரிடம் போக வேண்டும் என்பது ஓரளவு தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டும் ஒரே சுவரில் பிறந்தவை

கலை என்பது புனிதம், விளம்பரம் வந்து அதைத் திருடிக்கொண்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். திருட்டும் நடந்திருக்கிறது. ஆனால் கதை அப்படித் தொடங்கவில்லை. பிரான்ஸில் 1881 ஜூலை 29-ல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்தது, அதோடு சுவரில் போஸ்டர் ஒட்டுவதும் எளிதானது. நம் ஊரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதி வைப்பதுபோல, அந்தச் சட்டத்தின் தேதியைப் போட்டு ‘ஒட்டத் தடை’ என்று எழுதிய சுவர்களை அங்கே இன்றைக்கும் பார்க்கலாம். அதே காலத்தில் ஜூல் ஷெரே என்பவர் கல் அச்சில், அதாவது லித்தோவில், பெரிய அளவில் பல வண்ணங்களை அச்சடிக்கும் வித்தையைக் கைக்குள் கொண்டுவந்திருந்தார். பாரிஸ் சுவர்கள் முழுக்கப் படங்களானது அப்படித்தான்.

1891-ல் மூலான் ரூஷ் நடன அரங்குக்கு ஓவியர் துலூஸ் லோத்ரெக் செய்த போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது முதல் போஸ்டர். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், சுமார் 3,000 பிரதி அச்சடித்தார்கள். இதை உங்கள் திரையில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். முன்னால் ஒரு ஒல்லியான ஆள், சாம்பல் நிறத்தில், தொப்பியும் நீண்ட மூக்குமாக, கிட்டத்தட்ட நிழல் மாதிரி. நடுவில் லா கூலூ என்ற நடனக்காரி, வெள்ளைப் பாவாடை சுழல ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். பின்னால் கூட்டம், முழுக்கக் கறுப்பு, தொப்பிகளின் விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. இடது பக்கம் விளக்குகள், வெறும் மஞ்சள் உருண்டைகள். ஆழம் காட்ட ஒரு ஷேடிங்கூட இல்லை, பார்த்தீர்களா? சாம்பல், வெள்ளை, கறுப்பு என்ற மூன்று தட்டையான தளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியே அரங்கம் முழுவதையும் காட்டிவிடுகிறார். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. மேலே அரங்கத்தின் பெயர் மூன்று வரியாக வருகிறது, மூன்றுக்கும் சேர்த்து முதல் எழுத்து ஒன்றே ஒன்று, பெரிதாக. பெயரை மூன்று தடவை கூவுகிற மாதிரி.

இதை ஓவியம் என்பதா, விளம்பரம் என்பதா? அன்றைக்கே இரண்டுமாகத்தான் பார்த்தார்கள். ஒட்டிய போஸ்டரை ராத்திரியோடு ராத்திரியாகப் பிய்த்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைத்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் அடுத்த வேலையை நான்கே நான்கு தட்டை நிறத்தில் செய்யுங்கள். கிரேடியண்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது, கூடாது, நிழல் கூடாது, எழுத்துக்குப் பின்னால் பளபளப்பு கூடாது. முன்னால் இருப்பது எது, நடுவில் எது, பின்னால் எது என்று மட்டும் தீர்மானித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். பட்டுப்புடவைக் கடைக்குச் செய்தால்கூட நடக்கும், கொசுவத்தின் வரிகளே உங்களுக்கு அந்த மூன்று தளத்தையும் கொடுத்துவிடும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். மூன்றாவது தடவை கை பழகிவிடும்.

எடுத்துவிடுவது எப்படி

பெர்லினில் 1905-ஐ ஒட்டி பிரீஸ்டர் என்ற தீப்பெட்டி நிறுவனம் ஒரு போஸ்டர் போட்டி வைத்தது. லூசியன் பெர்ன்ஹார்ட் என்ற இளைஞர் அதற்கு வரைந்தார். டிசைன்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. முதலில் அவர் மேசை, மேசைவிரிப்பு, சாம்பல் கிண்ணம், அதில் எரியும் சுருட்டு, பக்கத்தில் தீக்குச்சிகள், சுருட்டுப் புகையிலிருந்து எழும் நடனப் பெண்கள் என்று எல்லாவற்றையும் போட்டிருந்தார். வந்து பார்த்த நண்பர் நல்ல சுருட்டு விளம்பரம் என்று பாராட்டினார். பெர்ன்ஹார்ட்டுக்குச் சுருக்கென்றது. பெண்களை அழித்தார். சுருட்டு போனது, கிண்ணம் போனது, விரிப்பு போனது, மேசையும் போனது. மிஞ்சியது அடர்ந்த பின்னணியில் இரண்டு சிவப்புக் குச்சிகள், நுனியில் மஞ்சள் மருந்து, மேலே பிரீஸ்டர் என்ற பெயர். நடுவர்கள் முதலில் அதைக் குப்பைக்கு ஒதுக்கிவிட்டார்கள், பின்னால் வந்த ஒருவர் பொறுக்கி எடுத்து இதுதான் பரிசு என்றாராம். ஜெர்மனியில் பொருளும் பெயரும் மட்டுமே நிற்கும் போஸ்டர் பாணி அதிலிருந்து கிளம்பியது.

உங்கள் லேஅவுட்டிலும் இதையே செய்யுங்கள், ஆனால் மனசுக்குள் வேண்டாம், கையால் செய்யுங்கள். பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு துண்டு வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறை மறைத்ததும் அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூப்பிட்டு இது எதற்கான விளம்பரம் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை மறைத்துக்கொண்டே போகலாம். அவர் எப்போது முழிக்கிறாரோ, கடைசியாக ஒட்டிய தாளை மட்டும் திரும்பப் பிரித்துவிடுங்கள். அங்கே நில்லுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்தக் குறிப்பால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மூலையில் குலதெய்வம் வேண்டும், நிறுவனர் படம் வேண்டும், மூன்று போன் நம்பர், நாலு கிளையின் முகவரி வேண்டும். கிளையன்ட் அறியாமையில் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அப்பா படம் இல்லாமல் கடை விளம்பரம் வருவது அவருக்கு மரியாதைக் குறைவு. போன் நம்பர் இல்லையென்றால் காசு கொடுத்தது வீண் என்று அவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் செய்வது இது: இவை எல்லாவற்றையும் கீழே ஒரே பட்டையில், ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் கோத்து விடுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கோடு. கிட்டே வந்தால் எல்லாத் தகவலும் இருக்கும். பட்டைக்கு மேலே இருக்கும் இடம் பெர்ன்ஹார்ட்டுக்கு.

எழுத்தையே படமாக்குவது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கப் போகிறேன், ஏனென்றால் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில்தான் தனிச் சிரமமும் தனி வாய்ப்பும் இருக்கிறது.

கசாண்டர் என்ற பெயரில் வேலை செய்த பிரெஞ்சு போஸ்டர்காரர், பொருளைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் கியூபிஸ ஓவியங்களிலிருந்து வடிவங்களைப் பெயர்த்து ரயிலுக்கும் கப்பலுக்கும் மதுவுக்கும் போஸ்டர் செய்தவர். 1932-ல் துபொன்னே என்ற பானத்துக்கு அவர் செய்தது மூன்று கட்டம். மூன்றிலும் அதே தொப்பிக்காரர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் கட்டத்தில் அவர் கோப்பையைப் பார்க்கிறார், கீழே ‘துபொ’ என்ற பாதிப் பெயர், உடம்பு வெறும் கோட்டில் இருக்க, நிறம் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. இரண்டாவதில் குடிக்கிறார், ‘துபொன்’ ஆகிறது, நிறம் உடம்பில் இறங்குகிறது. மூன்றாவதில் மறுபடி ஊற்றிக்கொள்கிறார், பெயர் முழுதாகிறது, ஆளும் முழுக்க நிறைந்துவிடுகிறார். பிரெஞ்சில் முதல் துண்டைக் காதால் கேட்டால் அழகு என்ற பொருள் வரும், இரண்டாவதற்கு நல்லது என்று பொருள், மூன்றாவது பொருளின் பெயர். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கிறவனுக்குச் செய்தது. கண் நகர நகர வார்த்தை வளர்கிறது, நிறமும் கூடவே வளர்கிறது.

இதைத் தமிழில் செய்ய முடியுமா என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு செக்கு எண்ணெய்க்காரருக்காக எழுதிப் பார்க்கும்போது பிடிபட்டது. நல். நல்லெண். நல்லெண்ணெய். முதல் துண்டில் நன்மை, இரண்டாவதில் நல்ல எண்ணம், மூன்றாவதில் பொருள். எந்த எழுத்தையும் உடைக்க வேண்டியதில்லை, நல், லெண், ணெய் என்று துண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்கின்றன. கசாண்டரின் தொப்பிக்காரரை இங்கே கூட்டி வர வேண்டிய தேவையே இல்லை, ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஏறிக்கொண்டே போனால் போதும். வேலையை எடுப்பது என்று நான் முதலில் சொன்னது இதைத்தான்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற வித்தியாசம் நமக்கு இல்லை, அதனால் லோத்ரெக் செய்ததுபோல முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் மற்றவை அதோடு சண்டை போடும். ‘கொ’ என்பது கண்ணுக்கு மூன்று துண்டு, ஆனால் ஒரே எழுத்து, இடைவெளியை இழுத்துவிட்டால் அது மூன்றாகச் சிதறிப் படிக்க முடியாமல் போகும். மேலே சுழிக்கிற ‘தீ’, கீழே இறங்குகிற ‘கு’, இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் வரி இடைவெளி முட்டும். அந்த முட்டலை ஒளிக்காமல் வடிவமாக்குங்கள். ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பழைய புத்தக அட்டைகளில் தேடிப் பாருங்கள், கட்டையாகவும் கோணலாகவும் இருக்கும், ஆனால் ஒரு எழுத்துகூட வாசிப்பைக் கெடுக்காது. அரூப ஓவியம் செய்த கை அது. கம்ப்யூட்டர் எழுத்துருவில் இதைத் தேடாதீர்கள். தட்டைப் பிரஷ்ஷை எடுத்து இருபது தடவை எழுதி, நல்லதை ஸ்கேன் செய்யுங்கள்.

வாசகமும் படமும் ஒன்றாகப் பிறக்க வேண்டும் என்றால் ரஷ்யாவைப் பாருங்கள். 1923 வாக்கில் கவிஞர் மாயகோவ்ஸ்கி வாசகம் எழுத, ரோட்சென்கோ படம் செய்ய, அரசுக் கடைகளுக்கு விளம்பரம் போட்டார்கள். குழந்தைகளின் ரப்பர் நிப்பிளுக்குக்கூட.

ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்

ஓவியர் ரெனே மக்ரித் பிரஸ்ஸல்ஸில் தன் வீட்டுப் பின்கட்டில் தம்பியோடு சேர்ந்து விளம்பரக் கூடம் நடத்தியவர். விரும்பிச் செய்ததல்ல, வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது. ஆனால் அந்தக் கை அவருடைய ஓவியங்களில் இருக்கிறது. 1929-ல் அவர் வரைந்த புகைக்குழாயும் (புகைபிடிக்கும் பைப்) அதன் கீழே ‘இது புகைக்குழாய் அல்ல’ என்ற வரியும் கடைப் பலகை மாதிரி எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். அவர் படங்களில் வெளிச்சம், நிழல், மரம், மேகம் எல்லாமே சாதாரணம். ஒன்றே ஒன்றுதான் இடம் மாறியிருக்கும். அதனால்தான் திடுக்கிடுகிறோம்.

கனவு மாதிரி விளம்பரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பறக்கும் மீன், உருகும் கடிகாரம், கண்ணுக்குள் கடல் என்று மூன்றையும் போட்டுவிடுகிறார்கள். மூன்று மாற்றம் இருந்தால் ஒன்றுகூடப் பதியாது. ஒரு மெத்தைக் கடைக்கு நான் யோசித்ததைச் சொல்கிறேன்: பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, நல்ல வெயில், உண்மையான போட்டோ மாதிரி. கூட்டின் வாயில் ஒரு வெள்ளைத் தலையணையின் முனை தெரிகிறது. வேறு எதையும் தொடவில்லை. அளவை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், எதனால் செய்தது என்பதை மாற்றலாம், ஏதாவது ஒன்றுதான்.

இதே வித்தை கெட்ட காரியத்துக்கும் போயிருக்கிறது. பிரிட்டனில் சிகரெட்டை அழகோடும் ஆண்மையோடும் சேர்த்துக் காட்டக் கூடாது என்று விதிகள் இறுகியபோது, எழுபதுகளின் இறுதியில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட் விளம்பரங்கள் சர்ரியலிசத்துக்கு, அதாவது இந்தக் கனவு மாதிரிப் பாணிக்குப் போயின. எண்பதுகளில் சில்க் கட் சிகரெட்டுக்கு சாச்சி அண்ட் சாச்சி நிறுவனம் ஊதாப் பட்டுத் துணியில் ஒரே ஒரு வெட்டு மட்டும் போட்ட படங்களைச் செய்தது. ஓவியர் லூசியோ ஃபொன்டானா 1958 முதல் கேன்வாஸைக் கத்தியால் கிழித்துக் காட்டியவை நினைவுக்கு வராமல் இருக்காது. விளம்பரத்தில் பெயர்கூட இல்லை, கீழே இருந்த உடல்நல எச்சரிக்கைதான் அது சிகரெட் என்று சொன்னது. 2003-ல் அங்கே புகையிலை விளம்பரத்துக்கே தடை வந்தது. அந்தப் படங்கள் அசாத்தியத் திறமை. ஆனாலும் அவற்றைப் பாராட்ட எனக்கு மனசு வருவதில்லை. நம் ஊரில் ஏலக்காய் என்ற பெயரில் வேறொன்றை விற்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதும் அதே வருத்தம்தான். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் சொல்லித் தரும்படி யாராவது கேட்டால், வேலை வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

சர்ரியலிச ஓவியர் டாலி பற்றி ஒரு துண்டுச் செய்தி, விட மனசில்லை. 1967-ல் ஏர் இந்தியா தன் முக்கியப் பயணிகளுக்குக் கொடுக்க சால்வடோர் டாலியிடம் சாம்பல் கிண்ணம் வடிவமைத்து வாங்கியது. அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானைத் தலை, யானையைத் தலைகீழாகப் பார்த்தால் அன்னம். கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி. பெங்களூரிலிருந்து குட்டியை விமானத்தில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பி வைத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் போக்குவரத்து உண்டு

விளம்பரம் கலையிடம் வாங்கியதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1912-13-ல் பிக்காசோ செய்தித்தாளையும் கடை விளம்பரத் துண்டுகளையும் படத்தில் ஒட்டினார். குர்ட் ஷ்விட்டர்ஸ் ஒரு வங்கி விளம்பரத்தைக் கிழித்ததில் கிடைத்த ‘மெர்ஸ்’ என்ற அரைச் சொல்லைத் தன் கலை முழுவதற்கும் பெயராக வைத்துக்கொண்டார், பிறகு அதே பெயரில் விளம்பர நிறுவனம் தொடங்கி பெலிக்கான் மைக்கு வேலை செய்தார். நியூயார்க்கில் சாரத்தில் ஏறி நின்று ராட்சத விளம்பரப் பலகைகள் வரைந்த ஜேம்ஸ் ரோசன்க்விஸ்ட் அந்தக் கையோடுதான் 1965-ல் 86 அடி நீள ஓவியத்தை முடித்தார். எம்.எஃப். ஹுசேன் பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து பிழைத்தவர். சென்னையில் பேனர் ஆர்ட்டிஸ்ட்டுகள் ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு அதைத் துணியில் பெரிதாக்கியதும் இதே குடும்பத்து வித்தைதான். உங்கள் ஊரில் பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் யாராவது இருந்தால் ஒரு நாள் போய் உட்காருங்கள். கிட்டே நின்றால் வெறும் ரோஸ் பட்டையாக இருப்பது முப்பது அடி தள்ளி எப்படிக் கன்னமாகிறது என்பதை எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தராது.

ஆண்டி வார்ஹால் செருப்பு விளம்பரங்களுக்கு வரைந்து பேர் வாங்கியவர். 1962-ல் லாஸ் ஏஞ்சலஸில் சூப் டப்பா ஓவியம் 32-ஐக் காட்சிக்கு வைத்தார், ஏனென்றால் அப்போது அந்த சூப் 32 வகையில் வந்தது. மளிகைக் கடை அலமாரி மாதிரி ஒரு சின்னத் தட்டின் மேல் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரே டப்பா, லேபிளில் ஒரு வரி மட்டும் மாறும். உங்கள் அரிசி மில் கிளையன்ட்டிடம் பொன்னி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று பன்னிரண்டு வகை இருந்தால் இதுதான் வழி: ஒரே கோணம், ஒரே படி, ஒரே வெளிச்சம், அரிசி மட்டும் மாறட்டும். அரிசியின் நிறமும் நீளமும் அப்போதுதான் கண்ணில் படும்.

1964-ல் அதே வார்ஹால் பிரில்லோ என்ற பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பஞ்சின் பெட்டிகளை மரப் பலகையில் செய்து, மேலே அச்சடித்து, நியூயார்க் காலரியில் அடுக்கினார். அசல் அட்டைப் பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான், அரூப ஓவியம் செய்தவர், பெட்டி டிசைன் செய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு வந்து தன் பெட்டி கலையாகிவிட்டிருப்பதைப் பார்த்தார். அடுத்த வருஷமே இறந்துபோனார். பிரில்லோ பெட்டி என்றால் இன்றைக்கு வார்ஹால் பெயர்தான் வரும். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும், ஏனென்றால் நாமெல்லாம் ஹார்வியின் பக்கம் நிற்கிறவர்கள். அதனால் இதை ஒரு வேலையாகவே சொல்கிறேன்: நீங்கள் செய்யும் ஒவ்வொரு டிசைனுக்கும் முதல் ஸ்கெட்ச் முதல் கடைசி ஃபைல்வரை தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் டிசைன் யாருடையது என்று ஒரு வரி எழுதுங்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை, அதாவது காப்பிரைட். லோத்ரெக் 1901-ல், ரவி வர்மா 1906-ல், மோந்த்ரியான் 1944-ல் போய்விட்டார்கள், இங்கே அவர்கள் படங்களுக்குத் தடையில்லை. மக்ரித் 1967, அதாவது 2027 முடியும்வரை பொறுங்கள். பிக்காசோ 1973, அவருக்கு 2033 வரை. வார்ஹால், டாலி, ஹுசேன் பக்கம் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம். விளம்பரம் வெளிநாட்டிலும் ஓடப் போகிறது என்றால் அந்த நாட்டுக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாணிக்குக் காப்புரிமை கிடையாது, தட்டை நிறம், ஒரே வெட்டு, வரிசை அடுக்கு எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பிட்ட படத்துக்குத்தான் உரிமை.

உரிமை முடிந்த படமென்றாலும் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமும் உரிமை முடிந்த ஏராளமான படங்களைப் பெரிய அளவில், வணிகப் பயனுக்கும் சேர்த்து இலவசமாகவே கொடுக்கின்றன. அங்கிருந்து எடுங்கள், தேடலில் முதலில் வந்ததை எடுக்காதீர்கள். ஓவியமாக்கிவிட்டால் போட்டோ நம்முடையதாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த போட்டோவை வைத்து வார்ஹால் செய்த படத்தைப் பத்திரிகைக்கு உரிமம் கொடுத்த விவகாரத்தில், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்டோக்காரர் பக்கம்தான் நின்றது.

அச்சுக்கு அனுப்புமுன்

கிளையன்ட்டிடம் இரண்டு லேஅவுட்தான் கொண்டுபோங்கள், ஐந்து வேண்டாம். ஐந்து கொடுத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டைக் கேட்பார். ஒன்று அவர் முதலில் கேட்ட மாதிரி, மற்றது நீங்கள் நம்புவது. இரண்டையும் மேசைமேல் விரிக்காதீர்கள். உண்மையான அளவில் ஒரு பகுதியையாவது பிரிண்ட் எடுத்து, கடைக்கு எதிர்ப்பக்கச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, அவரை வாசலில் நிறுத்திக் காட்டுங்கள். நடுவில் பஸ் போகட்டும். ஆட்டோ நிற்கட்டும். அவருடைய வாடிக்கையாளர் பார்க்கப்போவது அப்படித்தான். நான் எவ்வளவோ வாதாடியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த வாசலில் ரெண்டு நிமிஷம் நின்றதும் “அந்த நட்சத்திரத்தை எடுத்துடுங்க தம்பி” என்று அவர்களாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஃபிளெக்ஸ் என்றால் இன்னொன்று. தட்டையான பெரிய நிறப்பரப்பு திரையில் பட்டுபோல இருக்கும், மெஷினில் வரும்போது கோடுகோடாக விழும், அதிலும் அடர் சிவப்பும் கறுப்பும் ரொம்பவே ஏமாற்றும். பிரஸ்ஸில் சொல்லி அந்த நிறத்தை மட்டும் ஒரு அடி துண்டு ஓட்டி வாங்கி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் மெஷினை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், அந்தக் காசை எஸ்டிமேட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுங்கள்.